ஸ்டூலுக்குத்தான் மாட்டினேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவப்பு அட்டையை நான் ஸ்டூலுக்குத்தான் மாட்டினேன். மாமாவுக்கு மாட்டவில்லை. மாட்டிய நேரத்தில் மாமா அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கக்கூட இல்லை, டப்பா கழுவப் போயிருந்தார். இதை நான் கமிட்டியில் சொன்னேன், வீட்டில் சொன்னேன், கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்யும்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கேட்டவர்கள் யாரும் பொய் என்று சொல்லவில்லை. ஆனாலும் சாப்பிட உட்கார்ந்தால் சோறு தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது.

நாங்கள் கதவுக் கீல் செய்கிறோம். நூற்று நாற்பது பேர். ஒரு முனையில் தகடு வரும், பெரிய பிரஸ் அதை வெட்டி வளைக்கும், டிரில் துளை போடும், ஆணி கோப்பார்கள், மறுமுனையில் பேக்கிங் அக்கா பெட்டியில் அடுக்குவார். இருபது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் ஓடியது. அது பெரிய குற்றம் என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

தெரியப்படுத்தியவர் ஓர் ஆலோசகர். நடந்தால் சத்தமே வராத ஷூ போட்டிருப்பார். வாயைத் திறந்தால் எட்டு விரயம் என்றுதான் ஆரம்பிப்பார் என்பதால் முதல் நாளே அவருக்கு ‘எட்டு’ என்று பெயர் விழுந்துவிட்டது. அன்று காலை ஒன்பது மணிக்கு எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு நூற்று நாற்பது பேரும் முற்றத்தில் கூடினோம். எட்டு பத்தேகாலுக்கு வந்தார்.

“புதுசா நான் எதுவும் சொல்லப் போறதில்ல” என்று ஆரம்பித்தார். “உங்களுக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லப் போறேன். மூணு மணி நேரம் ஆகும்.”

ஆயிற்று. தேவைக்கு மேல் உற்பத்தி செய்வது, காத்திருப்பது, சாமானைத் தேவையில்லாமல் சுமந்து போவது, தேவைக்கு மேல் இழைப்பது, சரக்கைக் குவித்து வைப்பது, ஆள் வீணாக அசைவது, குறையோடு செய்து திருப்பிச் செய்வது, ஆளின் திறமையைப் பயன்படுத்தாமல் விடுவது. இந்த எட்டையும் வரிசையாகச் சொன்னார், உதாரணத்தோடு சொன்னார், பிறகு எங்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒரே வேலையை இரண்டு தடவை செய்வது எவ்வளவு பெரிய விரயம் என்பதை மட்டும் நான்கு தடவை சொன்னார். காத்திருத்தலைப் பற்றி அவர் பேசிய நாற்பது நிமிஷமும் தகடு ஏற்றி வந்த லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கிடங்கில் யாரும் கேட்காத அளவில் செய்த கீல்கள் ஆறு வருஷமாகத் துருப்பிடித்துக் குவிந்து கிடந்தன. அவற்றை இங்கிருந்து அங்கே மாற்றுவதற்கென்றே இரண்டு பேர் இருந்தார்கள். எட்டு அந்தக் குவியலைப் பார்த்து ஏதாவது செய்வார் என்று நினைத்தோம். அது மேலாளர் சொல்லிச் செய்த சரக்கு என்று தெரிந்ததும் அந்தப் பக்கம் அவர் போகவில்லை.

மேலாளர் நன்றி சொல்ல எழுந்தார். “இந்தத் திட்டத்தைக் கொண்டு வரணும்னு போன வருஷமே முடிவு பண்ணிட்டேன். உடனே ஒரு கமிட்டி போட்டேன். கமிட்டி ஆறு மாசம் கூடிப் பேசி, ஒரு ஆலோசகர் வேணும்னு கண்டுபிடிச்சுது. நாம ஒரு நிமிஷத்தைக்கூட வீணாக்கல” என்றார். கை தட்டினோம்.

மறுநாள், ஜன்னல் வழியே பெரிய பிரஸ் தெரிகிற எங்கள் சாப்பாட்டு அறையில் விரய ஒழிப்புப் பிரிவு குடியேறியது. பதினாலு நாற்காலி, குளிர்சாதனம், கலரில் அச்சடிக்கும் மெஷின். நாங்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பெரிய பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தோம்.

பிறகு நான்கு கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் நானும் ஒருவன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பச்சைத் தொப்பி, கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்ச், ஒரு கட்டு சிவப்பு அட்டை, நாற்பது பக்கக் கையேடு. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை பார்க்க வேண்டும். பார்த்த விரயத்தில் அட்டை மாட்ட வேண்டும். தினம் எட்டு அட்டை, வகைக்கு ஒன்று. ஒரு வகை கிடைக்கவில்லை என்றால் கண்காணிப்பாளர் தன் கண்ணைப் பயன்படுத்தவில்லை என்று அர்த்தம். அது எட்டாவது விரயம். அதற்கான அட்டையை அவரே தன் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

என்னைத் தொப்பியோடு பார்த்து அதிகம் சந்தோஷப்பட்டவர் மாமாதான். மாமா என்றால் என் அக்காவின் கணவர். அங்கே இருபத்திரண்டு வருஷமாக ஃபிட்டர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

“அப்படியே ஆபீசர் கணக்கா இருக்கே மாப்ளே” என்றார். “உங்கக்கா பார்த்தா கண்ணு படும்னு சுத்திப் போட்டுடுவா.”

மாமாவின் வேலை நேரம் எங்களுடையதற்கு நேர்மாறானது. மெஷின் ஓடும்போது அதில் கை வைக்க முடியாது. எல்லாரும் சாப்பிடுகிற அந்த முக்கால் மணி நேரம்தான் மெஷின்கள் நிற்கும். அப்போது அவர் பெரிய பிரஸ்ஸுக்கு அடியில் போய்விடுவார். நாங்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது அவருடைய இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கிரீஸ் வைப்பார், தளர்ந்ததை முறுக்குவார், தேய்ந்ததை மாற்றுவார். மெஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு கையைக் கழுவிக்கொண்டு, மூன்று மணிவாக்கில் மூலையில் இருக்கிற தன் ஸ்டூலில் உட்கார்ந்து அக்கா கொடுத்த டப்பாவைத் திறப்பார். ஆறிப்போன சோற்றை அவசரமில்லாமல் சாப்பிடுவார். இது எனக்குத் தெரியும். எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

முதல் வாரம் அட்டைகள் சுலபமாகக் கிடைத்தன. இன்னொரு கண்காணிப்பாளர் தீயணைப்பு சிலிண்டரைப் பிடித்தார். நான்கு வருஷமாக ஒரு வேலையும் செய்யாமல் சுவரில் தொங்குகிறது, இருப்பு விரயம். எட்டு அவரைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினார். எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பிடித்தேன். நாள் முழுக்க அசைகிறது, ஒரு கீல்கூடச் செய்ததில்லை. அதற்கும் பாராட்டு கிடைத்தது. அந்த உற்சாகத்தில் மேலாளர் அறையில் யாரும் உட்காராத மூன்று சோபாக்களுக்கு அட்டை எழுதிக் கொடுத்தேன். நிர்வாகத்தின் இருப்பு விரயத்தில் சேராது என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

அட்டை மாட்டிய சாமானை எல்லாம் கிடங்கு வாசலில் சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு கட்டத்துக்குள் வைப்பார்கள். வேண்டுமென்கிறவர் தேவைச் சீட்டு எழுதிக் கொடுத்து எடுத்துப் போகலாம். முப்பது நாளில் யாரும் கேட்காவிட்டால் அது தொழிற்சாலைக்குத் தேவையில்லை என்று அர்த்தம். தீப்பிடிக்காததால் சிலிண்டரை யாரும் கேட்கவில்லை.

பேக்கிங் அக்கா ஒரு பெட்டி அடுக்கப் பதினாலு முறை கை நீட்டுகிறார் என்று கண்டுபிடித்து, சாமான்களை அவருக்கு நெருக்கமாகச் சுற்றி வைத்தார்கள். கை நீட்டுவது நின்றது. அவர் எழுந்து வெளியே வருவதும் நின்றது. ஒவ்வொரு முறையும் நான்கு பேர் பெட்டிகளை நகர்த்தி அவரை விடுவிக்க வேண்டியிருந்தது. அந்த நான்கு பேருக்கும் சுமந்து போன குற்றத்துக்காக அட்டை கிடைத்தது. பெரிய பிரஸ்ஸில் தகடு வைக்கிறவன் எப்போதும் சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்வான், அதனால் அவனுக்கு ‘சீட்டி’ என்றே பெயர். சீட்டி அடிப்பது வாய் அசைவு என்று அவனுக்கு அட்டை எழுதினேன்.

“மூச்சு விடலாமாண்ணே?” என்று கேட்டான்.

கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். மூச்சைப் பற்றி ஒன்றும் இல்லை. இப்போதைக்கு விடலாம் என்று சொன்னேன்.

இந்தப் பைத்தியம் வீட்டுக்கும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே என் மனைவி எத்தனை தடவை நடக்கிறாள் என்று எண்ணி, “முப்பத்தெட்டு” என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஒரு ஆள் உக்காந்து எண்ணிட்டே இருக்காரே, அது உங்க எட்டுல எத்தனாவது?” என்று கேட்டாள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது வாரத்தில் சிக்கல் வந்தது. எல்லாரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பச்சைத் தொப்பி தெரிந்தால் போதும், வேலை இல்லாதவன்கூட ஏதாவது ஒரு போல்ட்டைக் கழற்றுவான், மறுபடி மாட்டுவான். தகடு வராத நேரத்தில் டிரில் ஆட்கள் வெறும் காற்றில் துளை போட்டார்கள். எங்கள் ஆட்கள் வாழ்நாளில் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததில்லை, கீல் மட்டும் குறைவாக வந்தது. எனக்கோ காத்திருத்தல் வகையில் அட்டை எழுத ஆளே கிடைக்கவில்லை. இரண்டு தடவை என் சட்டையில் நானே மாட்டிக்கொண்டேன். மூன்றாவது தடவை என்றால் கண்காணிப்பாளரே சிவப்புக் கட்டத்தில் போய் நிற்க வேண்டும் என்பது விதி.

அந்த வியாழக்கிழமை மணி மூன்று ஐம்பது. ஏழு அட்டை முடிந்துவிட்டது. காத்திருத்தல் பாக்கி. பத்து நிமிஷத்தில் ஸ்டாப்வாட்ச்சை ஒப்படைக்க வேண்டும். சுற்றிப் பார்த்தேன். நூற்று நாற்பது பேரில் நூற்று முப்பத்தொன்பது பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார்.

தொப்பியைப் பார்த்தால் எழுந்து நில்லுங்கள், எதையாவது முறுக்குங்கள் என்று நான் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். “எனக்கென்னடா பயம்? பாக்கறது நீதானே மாப்ளே” என்று சிரித்துவிட்டு இன்னொரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்றும் என்னைப் பார்த்து வாயில் சோற்றோடு தலையாட்டினார். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். நான் ஸ்டூலுக்கு அட்டையை மாட்டினேன். ஸ்டூல், வேலை நேரத்தில் ஐம்பது நிமிஷம், பயன்படுத்துபவர் ஃபிட்டர். மாட்டிவிட்டு அவர் திரும்பி வருவதற்குள் நகர்ந்துவிட்டேன்.

பொருளுக்கு அட்டை மாட்டினால் பொருளும், அதைப் பயன்படுத்துபவரும் சேர்ந்துதான் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று கையேட்டின் முப்பத்தாறாவது பக்கத்தில் இருக்கிறது. அது எனக்குத் தெரியாது என்றுதான் என் மனைவியிடம்கூடச் சொல்லிவைத்தேன். தெரியும். நான் படித்திருந்தேன். அதுவரை ஆளை யாரும் அனுப்பவில்லை, அதனால் அனுப்ப மாட்டார்கள் என்று என்னை நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன். இன்னொன்றும் இருக்கிறது. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்றேனே, அந்த ஒரு அட்டையை மட்டும் கோணல்மாணலாக எழுதினேன். அப்பாவி எவனும் அப்படி எழுத மாட்டான்.

வெள்ளிக்கிழமை காலை மாமாவை ஸ்டூலோடு கொண்டுபோய்ச் சிவப்புக் கட்டத்துக்குள் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் தீயணைப்பு சிலிண்டர், இன்னொரு பக்கம் சுவர்க் கடிகாரம். ஆளை முப்பது நாள் வைத்திருப்பது விரயம் என்பதால் ஆட்களுக்கு மூன்று நாள் போதும் என்று எட்டு முடிவு செய்திருந்தார். மூன்று நாளில் யாராவது தேவைச் சீட்டு கொடுத்தால் வெளியே வரலாம், இல்லாவிட்டால் வேலை போய்விடும். அதுவரை கோட்டைத் தாண்டக் கூடாது.

மாமா அதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். “இங்க காத்து நல்லா வருது மாப்ளே. யாரோ ஒரு நல்ல மனுஷன் எழுதிப் போட்டிருக்கான்” என்றார்.

மதியம் மெஷின்கள் நின்றன. பழக்கத்தில் எழுந்து ஸ்பேனரை எடுத்தவர் சிவப்புக் கோட்டைப் பார்த்து நின்றுவிட்டார். அங்கிருந்தே, “யாராவது அந்தத் தண்டுக்குக் கொஞ்சம் கிரீஸ் வையுங்கப்பா” என்று கத்தினார். கிரீஸ் வைப்பது யாருடைய வேலைத்தாளிலும் இல்லை. வைத்தால் தேவைக்கு மேல் வேலை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாமாவும் டப்பாவைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிட்டார்.

“உங்கக்கா இவ்வளவு சூடாவா குடுத்து அனுப்பறா?” என்று அங்கிருந்து கேட்டார். “எனக்குத் தெரியவே தெரியாதுடா.”

நான் பாதியிலேயே என் டப்பாவை மூடிவிட்டேன்.

சனிக்கிழமையும் ஒரு மெஷினும் நிற்கவில்லை. வியாழக்கிழமை வரை அவர் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருந்தது அப்படி. அதனால் அவரை யாரும் கூப்பிடவில்லை. எட்டு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் கட்டத்தின் பக்கம் வந்து, சீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்து, காலியாக இருப்பதைக் குறித்துக்கொண்டு போனார். நான் ஒரு தேவைச் சீட்டு வாங்கினேன். ‘தேவைப்படும் காரணம்’ என்று போட்டு மூன்று வரி விட்டிருந்தார்கள். இவர் இல்லாவிட்டால் பிரஸ் நிற்கும் என்று எழுதினேன். பிறகுதான் கீழே பார்த்தேன். அட்டை மாட்டியவரே கேட்டால் அட்டை பொய்யாகிவிடும், அப்போது கண்காணிப்பாளர் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று இருந்தது. சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை போட்டுவிடலாம், எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது அது என் மனைவி கையில் கிடைத்தது. ஈரக் கையோடு பிரித்துப் படித்துவிட்டு வந்து நின்றாள்.

“இது உங்க மாமாவுக்குத்தானே? அட்டை மாட்டினது யாரு?”

நான் சீட்டை வாங்கக் கையை நீட்டினேன்.

“நீங்களா?”

“ஸ்டூலுக்குத்தான் மாட்டினேன்” என்றேன்.

“ஸ்டூலுக்கா பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கு?” என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. “இந்த வயசுல அந்த மனுஷனை இனி யாருங்க வேலைக்கு எடுப்பாங்க? நாளைக்குப் போயி வாயைத் திறந்து சொல்லுங்க. என்ன ஆனாலும் ஆகட்டும்.”

சொன்னேன். அதிலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு. திங்கட்கிழமை மூன்றாவது நாள், மாலை நான்கு மணிக்குக் கமிட்டி கூடியது. பதினாலு நாற்காலியிலும் ஆள். நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“சார், அந்த அட்டை நான் ஸ்டூலுக்கு மாட்டினது. அது தப்பு சார். நாம பாக்கற நேரத்துல அவர் சாப்பிடறார். நாம சாப்பிடற நேரத்துல அவர் வேலை செய்யறார்.”

எட்டு பேனாவை மூடினார். “அவர் வேலை செஞ்சதை நீங்க பார்த்தீங்களா?”

“தினமும் பாக்கறேன் சார். பதினோரு வருஷமா.”

“ஸ்டாப்வாட்ச் வெச்சா?”

“இல்ல சார். சாப்பிட்டுக்கிட்டே.”

“அதுக்குப் பேரு கண்காணிப்பு இல்ல. வேடிக்கை” என்றார் எட்டு. ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

மேலாளர் அன்பாகத்தான் கேட்டார். “மூணு நாளா ஒருத்தரும் அவரைக் கூப்பிடல. ஒரு மெஷினும் நிக்கல. இதுக்கு என்னப்பா அர்த்தம்?”

“அவர் அவ்வளவு நல்லா பார்த்து வெச்சிருக்கார்னு அர்த்தம் சார்.”

“அதான் நல்லா வெச்சுட்டாரே. அப்புறம் எதுக்கு அவரு?”

அந்தக் கேள்விக்கு எங்கே ஆரம்பித்துப் பதில் சொல்வது?

எட்டு எழுந்து நின்றார். “நண்பர் உணர்ச்சிவசப்பட்டிருக்கார், தப்பில்ல. நானும் மனுஷன்தான், போன மாசம்கூட ஒரு தடவை உணர்ச்சிவசப்பட்டேன். ஆனா பாருங்க, அந்த ஃபிட்டரை நாம அனுப்பறதா முடிவு பண்ணி, கடிதம் அடிச்சு, கலர்ல பிரின்ட் எடுத்து, கையெழுத்தும் போட்டாச்சு. இப்ப திருப்பி எடுத்தா அதுக்குப் பேரு என்ன? செஞ்சதைத் திருப்பிச் செய்யறது. ஏழாவது விரயம். விரயத்தை ஒழிக்கிற பிரிவே விரயம் பண்ணலாமா? நாளைக்கு இந்தத் தொழிலாளிங்க நம்மளைப் பார்த்து என்ன கத்துக்குவாங்க?”

பதினாலு தலைகளும் ஆடின.

“அப்ப என்னைக் கட்டத்துல நிறுத்துங்க சார்” என்றேன். சத்தியமாகச் சொன்னேன். குரல்தான் மெதுவாக வந்தது.

“உங்களையா?” எட்டு என் தோளில் கை போட்டார். “தன் தப்பைத் தானே கண்டுபிடிக்கிற கண்ணு எத்தனை பேருக்கு இருக்கு? உங்க திறமையை நாங்க இத்தனை நாள் பயன்படுத்தாம விட்டுட்டோம். அது எங்க விரயம். உங்களைத் தலைமைக் கண்காணிப்பாளரா போடறோம்.”

அந்த இடத்தில் நான் தொப்பியை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். என் மனைவியும் அதைத்தான் சொன்னாள். வந்திருந்தால் மாமாவுக்கு வேலை கிடைத்திருக்காது, ஆனால் நான் இப்படி ஆகியிருக்க மாட்டேன். நான் நன்றி சொன்னேன். சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ‘சக தொழிலாளிக்காகத் துணிச்சலாகக் கருத்துக் கூறியமைக்காக’ என்று அதில் போட்டிருந்தது. அதையே பெரிதாக அச்சடித்து அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினார்கள். அட்டை யாருடையது என்பதை மட்டும் ஒட்டவில்லை. கண்காணிப்பாளர்களின் நேரம் சண்டையில் வீணாகக் கூடாது என்பதால் அதெல்லாம் ரகசியம்.

நான் வெளியே வந்தபோது மாமா கடிதத்தை வாங்கிவிட்டிருந்தார். ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து ஸ்டோரில் ஒப்படைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். பக்கத்தில் போகவில்லை. அவர் வாசலைத் தாண்டிய பிறகு விரய ஒழிப்புப் பிரிவிலிருந்து ஓர் ஆள் தேவைச் சீட்டோடு வந்தான். கமிட்டிக்கு ஆள் கூடிவிட்டதால் ஓர் இருக்கை குறைகிறதாம். ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவும் மாமாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கதவைத் திறந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பேக்கிங்ல இருக்கறவங்க சொன்னாங்கடா. அத்தனை பேர்ல இவருக்காகப் பேசின ஒரே ஆளு நீதானாமே. பலகையிலகூட எழுதி ஒட்டியிருக்காங்களாமே.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “கூடப் பொறந்தவன்னா இப்படி இருக்கணும்.”

என் மனைவி சமையலறை நிலைப்படியில் நின்று என்னையே பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. “அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா” என்றேன். அக்கா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

மாமா இளைத்திருந்தார். ஆறே நாளில் ஒரு மனிதர் இப்படிக் காய்ந்துபோவார் என்று நான் நினைக்கவில்லை. மூன்று இடத்தில் வேலை கேட்டாராம். மூன்று பேரும் வயதைக் கேட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். அதைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை. நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மாப்ளே, நீ இப்போ தலைமைக் கண்காணிப்பாளராமே. அந்த அட்டையை மாட்டினது யாருன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

நான் என் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினேன்.

“சண்டைக்கு இல்லடா. அவன் பேரு கூட எனக்கு வேணாம். அவன்கிட்ட நீ ஒரு விஷயம் சொல்லணும். பெரிய பிரஸ்ல இடது பக்கம் கீழ்த் தண்டுல ரெண்டாவது போல்ட்டு. பத்து நாளைக்கு ஒரு தடவை தளரும். எவ்வளவு இறுக்கினாலும் தளரும், அதோட குணம் அப்படி. முறுக்காம விட்டா மேல இருக்கறது ஒரு நாள் தானா இறங்கிடும். அந்த நேரம் சீட்டி பய தகடு வைக்கக் கையை உள்ள விட்டிருந்தான்னா கை போயிடும்டா. நானே வாசல்ல போயிச் சொன்னேன். வெளி ஆளு சொல்றதை எழுதிக்க ஃபாரம் இல்லைன்னு அனுப்பிட்டாங்க.” நாற்காலி நுனிக்கு வந்தார். “அந்த அட்டை மாட்டினவன் இருக்கானே, அவனுக்குக் கண்ணு கூர்மை. நான் உக்காந்திருந்ததையே நிமிஷக் கணக்கா பார்த்திருக்கான் பாரு. அவன்கிட்ட சொன்னா மறக்க மாட்டான். நான் சொன்னேன்னு சொல்லாதே. பாவம், சங்கடப்படுவான்.”

கடைசியாக முறுக்கி இன்றோடு பத்து நாள் ஆகிறது என்று எனக்குள் கணக்கு ஓடியது. என் அட்டைக்கும் அதே வயது என்பதும் தெரிந்தது. அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலைப்படியில் என் மனைவி இன்னும் நகரவில்லை. நான்தான் மாமா என்று இரண்டே வார்த்தை. சொல்லிவிட வேண்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

“இடதுன்னா, எந்தப் பக்கம் நின்னு பார்த்தா இடது, மாமா?” என்று கேட்டேன்.